ஹெட்டைப் பார்த்தோம், ப்ளாக்கைப் பார்த்தோமா? பழைய கம்மின்ஸ் டீசலில் இரண்டு முறை போன ஹெட் கேஸ்கெட்

அமெரிக்காவின் டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, ஜார்ஜ்டவுனைத் தாண்டியபின் ஐசனோவர் சுரங்கப்பாதை வரைக்கும் ஏற்றம்தான். சுரங்கத்தின் வாசல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் போகும்போதுதான் என் 1996 மாடல் டாட்ஜ் ராம் 2500 பிக்கப் வண்டி முதன்முதலாகக் கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) கக்கியது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தது. டெம்பரேச்சர் முள் என்னவோ நடுவில்தான் நின்றது.

முதலில் நான் நினைத்தது உயரத்தைத்தான். அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பழசாகி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் கூலன்ட் பொங்குவது இயல்பு. மூடியை மாற்றினேன். அடுத்த வாரம் அதே ஏற்றம், அதே இடம், மறுபடி அதே கதை.

அங்கிருந்து இந்தப் பிரச்சினை தீர ஒன்றரை வருடம் ஆனது. காரணம் ஹெட் கேஸ்கெட்: எஞ்சினின் அடிப்பாகமான ப்ளாக்குக்கும், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு. நடுவில் ஒரு முறை அதை மாற்றி, அது நாலு மாதத்தில் மறுபடி போனது. பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டிய பழைய டீசல் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், என்ன தப்பு நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன செய்தேன் என்று முழுதாக எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம்

இது 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி. வரிசையாக ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஆக 12 வால்வு. சிலிண்டர் விட்டம் 102 மி.மீ, ஸ்ட்ரோக் 120 மி.மீ. ப்ளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. தனி லைனர் கிடையாது, ப்ளாக்கிலேயே துளை. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே நீள ஹெட், அதை 12 மி.மீ போல்ட் 26 பிடித்துக்கொண்டிருக்கின்றன. 1994 முதல் 1998 வரை வந்த ராம் பிக்கப்புகளில் எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பாஷ் பி7100 இன்லைன் பம்ப் இருந்தது. அந்தப் பம்ப்பில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஸ்ப்ரிங்கும் தகடும் மாற்றினாலே டீசல் அளவு தாராளமாகக் கூடிவிடும். பவர் ஏற்ற விரும்புகிறவர்கள் இந்த எஞ்சினைத் தேடிப் பிடிப்பதற்கு அதுதான் முதல் காரணம்.

நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் இது அந்நியமான எஞ்சின் இல்லை. 1993இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் இதே பி வரிசை எஞ்சினைத்தான் செய்தது. டாடா லாரிகளில் இதைப் பிரித்துப் பூட்டிய கைகள் நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நிறைய உண்டு. என் மாமாவும் அவர்களில் ஒருவர். அவர் சொன்ன ஒரே ஒரு வரிதான் பின்னால் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது.

ஆலையிலிருந்து வந்தபோது என் வண்டியின் பூஸ்ட் சுமார் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அழுத்த அளவு). ஐந்து வருடத்தில் நான் படிப்படியாக அதன்மேல் ஏற்றியவை: பெரிய இன்ஜெக்டர்கள், கவர்னர் ஸ்ப்ரிங், பிறகு இரட்டை டர்போ. பெரிய டர்போ ஒன்று முதலில் காற்றை அழுத்தி, பழைய எச்எக்ஸ்35 டர்போவின் வாயில் ஊட்டும். அது இன்னொரு முறை அழுத்தி எஞ்சினுக்குத் தரும். டிரெய்லரோடு ஏற்றம் ஏறும்போது மீட்டரில் 58 பிஎஸ்ஐ பார்த்திருக்கிறேன். பம்ப் டைமிங்கையும், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்பே டீசல் செலுத்துவது என்பதையும், 20 டிகிரிக்கு முன்னால் தள்ளியிருந்தேன். ஆலை வைத்துவிட்டது 12, 14 டிகிரி அளவில் இருக்கும். ஹெட் போல்ட்டுகளை மட்டும் நான் தொடவே இல்லை. கேஸ்கெட் போனதற்கு எஞ்சினைக் குறை சொல்ல இடமே இல்லை. அதற்கு விதிக்காத சுமையை அதன் தலையில் ஏற்றியது நான்.

சுமை எவ்வளவு என்ற கணக்கு

இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் நிறையச் செலவு மிஞ்சியிருக்கும்.

பூஸ்ட் மீட்டர் காட்டுவது, வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். சிலிண்டருக்குள் போகும் காற்றின் முழு அழுத்தம் தெரிய வேண்டுமானால் வெளிக்காற்றையும் கூட்ட வேண்டும். டென்வர் உயரத்தில் வெளிக்காற்று சுமார் 12 பிஎஸ்ஐ. ஆக, பழைய நிலையில் 32, இப்போது 70. இரண்டு மடங்குக்கும் மேல். பிஸ்டன் அந்தக் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறதோ, அந்த மடங்கு பெரிதாக மாறவில்லை. அதனால் டீசல் ஒரு சொட்டுகூடப் பற்றுவதற்கு முன்பே சிலிண்டர் அழுத்தம் இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. அதன்மேல் எரியும் டீசலின் அழுத்தம். டைமிங் முன்னால் இருந்தால் பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே எரிதல் தொடங்கி, உச்ச அழுத்தம் இன்னும் ஏறும். பூஸ்ட் மீட்டர் இதைக் காட்டாது. 40 பிஎஸ்ஐயில் டைமிங் அதிகமாக முன்னால் போன எஞ்சின், 50 பிஎஸ்ஐயில் நிதானமான டைமிங் உள்ள எஞ்சினைவிட ஹெட்டை மோசமாகத் தூக்கலாம்.

இதை டன் கணக்கில் பார்ப்போம். 102 மி.மீ துளையின் பரப்பு சுமார் 82 சதுர செ.மீ. உச்ச அழுத்தம் 130 பார் என்று வைத்துக்கொண்டால் ஒரு சிலிண்டர் ஹெட்டை ஏறக்குறைய 11 டன் விசையோடு மேலே தள்ளுகிறது. 200 பார் என்றால் 16 டன்னைத் தாண்டிவிடும். 1,800 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த உதை நிமிடத்துக்கு 900 முறை விழும்.

இதைத் தடுப்பது கேஸ்கெட் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தடுப்பவை போல்ட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு விறைப்பான ஸ்ப்ரிங். முறுக்கும்போது கொஞ்சம் நீண்டு, ஹெட்டையும் ப்ளாக்கையும் சேர்த்து நசுக்குகிறது. நடுவில் சிக்கியிருக்கும் கேஸ்கெட்டின் எஃகு வளையத்தில், சிலிண்டர் உதைக்கும் நொடியிலும் போதுமான நசுக்கல் மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சம் வளையத்தின் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறதோ, அந்த இடத்தில் வாயு வெளியே கிளம்பும்.

முதல் பரிசோதனையும் முதல் தவறும்

ஹெட் கேஸ்கெட் சந்தேகம் வந்ததும் நீலத் திரவச் சோதனை செய்தேன். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் எஞ்சினில் மஞ்சளாகும், டீசலில் பச்சையாகும். எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன், நீலம் நீலமாகவே இருந்தது. சரி, கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

அது தவறான முடிவு. ஐடிலில் பூஸ்ட் கிடையாது, சுமை கிடையாது, டீசலின் புகையில் கார்பன் டை ஆக்சைடும் அப்போது குறைவு. ஹெட் தூக்குவதோ 40 பிஎஸ்ஐக்கு மேலேதான். நின்ற இடத்தில் செய்யும் சோதனையில் அது சிக்கவே சிக்காது.

பிறகு சரியாகச் செய்தது இது. கூலிங் சிஸ்டத்தில் ஒரு அழுத்த மீட்டரைக் கோத்து, நீளமான குழாய் போட்டு டிரைவர் சீட் பக்கம் கொண்டுவந்தேன். டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டினேன். சாதாரணமாகக் கூலன்ட் சூடாகச் சூடாக அழுத்தம் மெதுவாக ஏறி ஓர் அளவில் நின்றுவிடும். என் வண்டியில் பூஸ்ட் 40ஐத் தாண்டியதும் முள் படபடவென்று ஏறி, மூடியின் அளவான 16 பிஎஸ்ஐயைத் தொட்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஏறுவது நின்றது. வெப்பம் இப்படி நொடியில் ஏறி இறங்காது. சிலிண்டர் வாயுதான் கூலன்ட்டுக்குள் போகிறது என்பது அதோடு உறுதியானது. உங்கள் வண்டியில் இந்தச் சந்தேகம் இருந்தால் நீலத் திரவத்தை வாங்குவதற்கு முன் இந்த மீட்டரை மாட்டிப் பாருங்கள் என்பேன்.

முதல் பழுதுபார்ப்பு

வேலை நெருக்கடி காரணமாக வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் ஹெட்டை இறக்கி, மெஷினில் சமப்படுத்தி, புதுக் கேஸ்கெட்டும், போல்ட்டுகளுக்குப் பதில் ஏஆர்பி நிறுவனத்தின் ஸ்டட்டுகளும் (தலையில்லாத, மேலே நட்டுப் போடும் மரைத் தண்டுகள்) போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டட் போட்டதால் இனிக் கவலை இல்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

சாதாரண ஹெட் போல்ட்டை இறுக்கும்போது அது ஒரே நேரத்தில் முறுக்கவும்படுகிறது, இழுக்கவும்படுகிறது. அதன் பலத்தில் ஒரு பங்கு முறுக்கலைத் தாங்குவதிலேயே போய்விடும். ஸ்டட்டை ப்ளாக்கில் கையால் திருகி உட்காரவைத்துவிட்டு, மேலே நட்டை மட்டும் இறுக்குகிறோம். ப்ளாக்கிலுள்ள மரை அசைவதில்லை. ஸ்டட் பெரும்பாலும் நேராக நீள்கிறது. நட்டுப் பக்கத்து மரை நெருக்கமானது என்பதால் இறுக்கமும் நிதானமாக, ஒரே சீராக ஏறும். உலோகமும் உயர்தரம். இதெல்லாம் உண்மை. ஆனாலும் நாலு மாதம் கழித்து, அதே ஏற்றத்தில், அதே மாதிரி ஹோஸ் இறுகியது. மீட்டரை மாட்டிப் பார்த்தால் இந்த முறை 45 பிஎஸ்ஐயில் முள் ஏறியது. ஐந்து பிஎஸ்ஐ முன்னேற்றம், அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் மாமாவுக்கு ஃபோன் போட்டேன். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். புதுக் கேஸ்கெட், புது ஸ்டட், ஹெட் ஃபேஸிங் எல்லாம் ஆச்சுங்க மாமா, இன்னும் ஏன் இப்படி ஆகுது என்றேன்.

"மாப்ள, ஹெட்டப் பாத்தீங்க. ப்ளாக்கப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பட்டறைக்காரர்களும் பார்க்கவில்லை. ஹெட்டை இறக்கித் தனியாக மெஷினுக்கு அனுப்பிவிடலாம். ப்ளாக்கைப் பார்க்க வேண்டுமானால் வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்து அளக்க வேண்டும், கோணல் இருந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் ஹெட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேஸ்கெட் சொன்ன சாட்சி

இரண்டாவது முறை நானே பிரித்தேன். இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வால்வு கவர். அதைக் கழற்றுவது சுலபம். ஹெட்தான் கனம், எஞ்சின் கிரேன் இல்லாமல் தூக்க நினைக்காதீர்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு நட்டும் எந்த முறுக்கில் அசைகிறது என்று குறித்துக்கொண்டேன். பெரும்பாலானவை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன. 5, 6ஆம் சிலிண்டர் பக்கம் இன்னும் குறைவு. கேஸ்கெட்டைத் துடைக்காமல், திருப்பாமல், அப்படியே வெளிச்சத்தில் வைத்தேன். இதை அவசரமாகச் சுரண்டிக் குப்பையில் போடுவதுதான் பெரிய இழப்பு. எந்த இடத்தில் நசுக்கல் இருந்தது, எந்த இடத்தில் இல்லை என்பதைக் கேஸ்கெட்டே தன் மேல் எழுதிவைத்திருக்கும்.

முதல் நாலு சிலிண்டரின் எஃகு வளையங்கள் முழு வட்டமும் ஒரே மாதிரி பளபளவென்று நசுங்கியிருந்தன. 5ஆம் சிலிண்டரின் பின்பக்கம், 6ஐப் பார்த்த பகுதியில், சுமார் மூன்று செ.மீ நீளத்துக்கு அந்தப் பளபளப்பு இல்லை. மங்கலாக, கரி படிந்து, அங்கிருந்து ஒரு பழுப்புக் கோடு பக்கத்துக் கூலன்ட் துளை வரை போயிருந்தது. அந்த இடத்தில் வளையம் ஒருபோதும் முழுதாக நசுங்கவே இல்லை. அது உடைந்து போன கேஸ்கெட் இல்லை. அந்த மூன்று செ.மீட்டரில் அதை யாரும் பிடிக்கவே இல்லை.

ப்ளாக்கின் மேல் தளத்தைச் சுத்தம் செய்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமான நேர்ப் பட்டையை) நீளவாக்கில், குறுக்காக, மூலைக்கு மூலை என்று வைத்துப் பார்த்தேன். ஹெட் துல்லியமாக இருந்தது. ப்ளாக்கிலோ 5க்கும் 6க்கும் நடுவில் 0.05 மி.மீ ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது, 0.07 இறுக்கமாக நுழைந்தது. மற்ற எல்லா இடத்திலும் 0.03கூட நுழையவில்லை. பள்ளத்தின் ஓரம் வழவழப்பாக, வட்டமான கீறல்களோடு இருந்தது.

அந்த வட்டக் கீறல்தான் காரணத்தைச் சொன்னது. பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்ததை யாரோ கிரைண்டரில் பொருத்தும் பிரஷ் வட்டில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் மென்மையாகத் தெரியும் அந்த வட்டு வார்ப்பிரும்பையும் தின்னும். ஒட்டல் பிடிவாதமாக இருக்கும் இடத்தில் அதிக நேரம் வைப்பதால் அங்கே மட்டும் பள்ளம் விழும். அதிலிருந்து உதிரும் துகள் ஆயிலில் கலந்தால் பேரிங்குகளையும் அரித்துவிடும். ப்ளாக்கின் தளத்தைப் பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியால், திரவம் தடவி ஊறவைத்து, கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் அதிகம் ஆகும், ஆகட்டும்.

0.07 மி.மீ என்பது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். 20 பிஎஸ்ஐ எஞ்சினாக இருந்திருந்தால் கேஸ்கெட்டின் மென்மையான பூச்சு அதை நிரப்பி, வருடக்கணக்கில் ஓட்டியிருக்கலாம். 58 பிஎஸ்ஐ அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

இறுக்கத்தில் இருந்த குறை

நட்டுகள் குறைந்த முறுக்கில் கழன்றன என்றேன் அல்லவா? அதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, ஸ்டட்டுக்குத் தடவிய மசகு. டார்க் ரெஞ்ச்சில் நாம் போடும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடும்: பாதியளவு நட்டின் அடியில், மீதி மரையில். கடைசிப் பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டி ஹெட்டை அழுத்துகிறது. அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் அழுத்தும் விசை பெரிய அளவில் மாறிவிடும். இந்த ஸ்டட்டுக்கு ஏஆர்பி சொல்லும் முறுக்கு 125 அடி-பவுண்ட், அதாவது சுமார் 170 நியூட்டன் மீட்டர். அந்த எண், அவர்கள் கூடவே தரும் களிம்பைத் தடவினால் மட்டுமே பொருந்தும். பட்டறைக் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால் எஞ்சின் ஆயில் தடவியதாக எழுதியிருக்கிறது. ரெஞ்ச் 125 என்று கிளிக் அடித்திருக்கும். ஸ்டட்டுக்குப் போய்ச் சேர்ந்த இழுவை அதைவிட எவ்வளவோ குறைவு.

இரண்டாவது, மறுபடி இறுக்காதது. இந்த 12 வால்வ் எஞ்சினின் கேஸ்கெட் முழு எஃகு இல்லை. நடுவில் உலோகம், மேலும் கீழும் மென்மையான பூச்சு. சூடாகி ஆறும்போது அந்தப் பூச்சு படிந்து அடங்கும், அடங்கிய அளவுக்கு ஸ்டட்டின் நீட்சி தளரும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாக இறுக்குவது இந்தக் கேஸ்கெட்டுக்குக் கட்டாயம். என் வண்டியில் அது நடக்கவே இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

இரண்டாவது முறை செய்தவை

எஞ்சினை இறக்கினேன். வேறு வழியே இல்லை. ப்ளாக்கை வார்ப்பிரும்பு வேலையில் பல வருடம் பழகிய ஒரு மெஷின் ஷாப்பில் கொடுத்து, மேல் தளத்தை 0.15 மி.மீ சீவச் சொன்னேன். சீவியபின் பிஸ்டன் அந்த அளவுக்கு ஹெட்டை நெருங்கிவிடும். அதனால் வழக்கத்தைவிட 0.25 மி.மீ தடிமனான கேஸ்கெட் வாங்கினேன். இந்த எஞ்சினுக்கு அப்படிப்பட்ட தடிமன்கள் சாதாரணமாகவே கிடைக்கின்றன. பூட்டுவதற்கு முன் ஆறு பிஸ்டனும் தளத்துக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து, இடைவெளியைக் கணக்குப் பார்த்தேன்.

தளத்தின் வழவழப்பையும் கவனிக்க வேண்டும். முழு எஃகு அடுக்குக் கேஸ்கெட்டுக்குக் கண்ணாடி மாதிரி தளம் வேண்டும். இந்தப் பூச்சுக் கேஸ்கெட்டுக்கு அவ்வளவு வழவழப்பு ஆகாது. அது பற்றிக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு தேவை. எந்தக் கேஸ்கெட் போடப்போகிறோம் என்பதை மெஷின் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஹெட்டைக் காந்தத் துகள் சோதனைக்குக் கொடுத்தேன். 12 வால்வ் ஹெட்டுகளில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கு நடுவில் விரிசல் விழுவது அடிக்கடி பார்ப்பது. என்னுடையதில் இல்லை.

அப்புறம் ஓ-ரிங். ஓ-ரிங் என்றதும் ரப்பர் வளையம்தான் நினைவுக்கு வரும். இது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, ஒரு மி.மீ பருமன். ஹெட்டின் அடித்தளத்தில் ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் வட்டமாக ஒரு காடி வெட்டி, அதில் கம்பியைப் பதிக்கிறார்கள். கம்பியின் முதுகு கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு, கேஸ்கெட்டின் எஃகு வளையத்தின் மேல் உட்காரும். ஹெட்டை இறுக்கும்போது சுமை முதலில் அந்த மெல்லிய கோட்டில் விழும். மொத்த விசை அதேதான். வளையத்தின் மேல் அது குவிந்து விழுகிறது.

இதில் ஒரு ஆபத்து உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. கம்பி எவ்வளவு அதிகமாகத் துருத்துகிறதோ, அவ்வளவுக்கு மற்ற இடங்களிலிருந்து சுமையைத் திருடுகிறது. சிலிண்டர் வாயு நன்றாக அடைபட்டு, கூலன்ட் துளை ஓரத்தில் ஒழுகத் தொடங்கும். அதனால் 0.2 மி.மீக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பந்தய வண்டிகளில் ஃபயர் ரிங் என்று இன்னொன்று போடுகிறார்கள். கேஸ்கெட்டின் சொந்த வளையத்தையே வெட்டி எடுத்துவிட்டு, தடிமனான எஃகு வளையம் ஒன்றே ஹெட்டையும் ப்ளாக்கையும் அடைக்கும். 70, 80 பிஎஸ்ஐக்கு அது சரி. அதை அடிக்கடி மறுபடி இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், குளிரில் கூலன்ட் கசிவதும் வாடிக்கை. டிரெய்லர் இழுத்துக் குடும்பத்தோடு மலை ஏறும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. நேர்மையாகச் சொன்னால், தளம் சமமாகி ஸ்டட் சரியாக இறுகியபின் என் பூஸ்ட்டுக்கு ஓ-ரிங்கூட அவசியமாக இருந்திருக்காது. எஞ்சின் எப்படியும் வெளியே இருந்தது, ஹெட் மெஷினில் இருந்தது. இன்னொரு முறை இறக்க மனமில்லாமல் செய்துகொண்டேன்.

பூட்டும்போது 26 துளைகளின் மரையையும் மரை சுத்தம் செய்யும் கருவியால் மட்டும் சுத்தம் செய்தேன். புது மரை வெட்டும் டேப்பை உள்ளே விட்டால் இருக்கிற மரையும் மெலிந்துபோகும். பிறகு காற்று அடித்துத் துளைக்குள் ஒரு சொட்டு எண்ணெயும் கூலன்ட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஸ்டட்டைக் கையால் உட்காரவைத்து, நட்டின் மரையிலும் வாஷரின் மேல்பக்கத்திலும் ஏஆர்பி களிம்பைத் தாராளமாகத் தடவினேன். நடுவில் தொடங்கிச் சுருளாக வெளியே போகும் வரிசையில், 40, 80, 125 அடி-பவுண்ட் என்று மூன்று சுற்று.

ராக்கர் தாங்கிகளை ஹெட்டோடு பிடிக்கும் நீளப் போல்ட்டுகளும் இந்த எஞ்சினில் ஹெட் போல்ட்டுகளே. அதனால் ஒவ்வொரு முறை இறுக்கியபின்னும் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ளது) பார்த்தாக வேண்டும்: எஞ்சின் ஆறிய நிலையில் இன்டேக் 0.25 மி.மீ, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ.

மூன்று இரவுகள்

எஞ்சினை வண்டியில் ஏற்றி, சுமை இல்லாமல் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்தினேன். அடுத்த நாள் காலை, கை வைத்தால் சில்லென்று இருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி 125க்கு இறுக்கினேன். தளர்த்தாமல் அப்படியே ரெஞ்ச் வைத்தால் உறைந்த உராய்வுதான் கிளிக் அடிக்கும், உண்மை தெரியாது. ஒவ்வொரு நட்டிலும் மார்க்கர் கோடு போட்டு வைத்திருந்தேன். முதல் முறை எல்லாக் கோடும் பழைய இடத்தைத் தாண்டிப் போயின. சில நட்டுகள் கடிகார முள்ளின் ஐந்து நிமிட அளவுக்கு. 80 கிலோமீட்டர் லேசாக ஓட்டிவிட்டு இரண்டாம் முறை: கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு அசைவு. டிரெய்லரில் பாதிச் சுமையோடு ஒரு வாரம் ஓட்டிவிட்டு மூன்றாம் முறை: 26 கோடும் இருந்த இடத்திலேயே வந்து நின்றன. அதற்குப் பிறகுதான் முழுச் சுமையில் கால் வைத்தேன்.

அந்த முதல் இறுக்கலில் நகர்ந்த தூரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. போன முறை நான் ஓட்டிய நாலு மாதமும் அந்த அளவுக்குத் தளர்ந்த ஸ்டட்டுகளோடுதான் ஓடியிருக்கிறது.

சுமையையும் குறைத்தேன்

அடைப்பைப் பலப்படுத்திவிட்டோம் என்று 58ஐயே வைத்திருப்பது சரியில்லை. டீசல் பம்ப்பின் டெலிவரி வால்வைக் கழற்றி, முதல் சிலிண்டர் பிளஞ்சரின் ஏற்றத்தை டயல் கேஜில் அளந்து, டைமிங்கை 20இலிருந்து 16 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். எக்ஸாஸ்ட் வெப்பம் கொஞ்சம் ஏறியது, மைலேஜ் மிகக் கொஞ்சம் குறைந்தது. இரண்டும் எனக்குச் சம்மதமே. டர்போவின் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டைத் திருத்தி பூஸ்ட்டை 45இல் நிறுத்தினேன். ஏற்றத்தில் வேகம் முன்பைவிட மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் குறைவு, டிரெய்லரோடு அது ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு பழக்கமும் மாறியது. ஹெட்டும் ப்ளாக்கும் இரண்டும் வார்ப்பிரும்பு என்பதால் ஒன்றாகவே விரிந்து ஒன்றாகவே சுருங்கும். அலுமினிய ஹெட் மாதிரி கேஸ்கெட்டின் மேல் வழுக்கி உராய்வதில்லை. இருந்தாலும் டென்வர் குளிர்காலத்தில் எஞ்சினைக் கிளப்பிய கையோடு டிரெய்லரை இழுத்து மிதிப்பதை நிறுத்திவிட்டேன். முள் அசையும் வரை பூஸ்ட் 15ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன்.

இப்போது நிலை

இரண்டு குளிர்காலம், சுமார் 20,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அழுத்த மீட்டரைக் கழற்றவில்லை. டாஷ்போர்டில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். போன மாதம் அதே டிரெய்லரோடு ஜார்ஜ்டவுனிலிருந்து சுரங்க வாசல் வரை ஏறினேன். பூஸ்ட் 44, கூலன்ட் அழுத்தம் 11 பிஎஸ்ஐயில் ஏறி அங்கேயே நின்றது. மேலே போய் நிறுத்தி ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன், விரலுக்கு இணங்கியது.

ஒரு சின்னக் குறை மிச்சம் இருக்கிறது. மைனஸ் 20 டிகிரிக் காலையில் கிளப்பும்போது ஹெட்டின் பின்மூலையில் கூலன்ட் ஈரம் லேசாகத் தெரிகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. ஓ-ரிங் திருடிய சுமையின் விலை அது என்று நினைக்கிறேன். மாமாவிடம் சொன்னபோது, "பின்னாடி நட்டு நாலயும் இன்னொருக்கா பாத்துருங்க மாப்ள" என்றார். இந்த மாதம் டேப்பட் பார்க்கும்போது அந்த நாலு கோடும் நகர்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.